வாசகர் கேள்வி – பதில்: சென்ட்ரலில் இறங்கி எங்கே போக, எப்படிப் போக?

சென்னை சென்ட்ரலைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு இதழ்களுக்கு முன் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான்: "சென்ட்ரல்" என்று ஊரே சொல்லும் இடத்தில் உண்மையில் எத்தனை நிலையங்கள் இருக்கின்றன? ஐந்து. எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கான சிவப்புக் கட்டடம் ஒன்று. அதை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் நிலையம். சாலைக்கு எதிர்ப்புறம் பூங்கா நிலையம், அதன் பக்கத்திலேயே பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம். இவை நான்குக்கும் நடுவே நிலத்தடியில் மெட்ரோ. இந்த ஐந்தையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: மகளுக்கு ரயிலில் முன்பதிவு செய்தேன். டிக்கெட்டில் எம்.எஸ். என்று இருந்தது. மெட்ராஸ் சென்ட்ரல் என்று நினைத்து சென்ட்ரலுக்குப் போய்விட்டோம். வண்டி எழும்பூரிலிருந்து கிளம்பிவிட்டது. இந்தக் குறியீடுகளை விளக்குங்கள். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்களைப் போல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எம்.எஸ். என்பது எழும்பூர். எம்.ஏ.எஸ். என்பதுதான் சென்ட்ரல். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். எம்.எஸ்.பி. என்றால் கடற்கரை, டி.பி.எம். என்றால் தாம்பரம், பி.இ.ஆர். என்றால் பெரம்பூர். புறநகர் டிக்கெட்டில் எம்.பி.கே. என்று வந்தால் பூங்கா. அதோடு ஒரு டி சேர்ந்து எம்.பி.கே.டி. என்றால் பூங்கா நகர்.

மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று தெற்கே போகும் வண்டிகளுக்கு எழும்பூரும் தாம்பரமும். கோவை, கேரளம், பெங்களூரு, மும்பை, டெல்லி, ஹவுரா பக்கம் போகிறவற்றுக்கு சென்ட்ரல். இது பொது வழக்கம்தானே தவிர சட்டமில்லை. நிலையப் பணிகள் நடக்கும்போது எழும்பூர் வண்டிகளைத் தாம்பரத்துக்கோ கடற்கரைக்கோ மாற்றுவது உண்டு. சென்ட்ரலுக்குள் வராமல் பெரம்பூரில் மட்டும் நின்று போகும் நெடுந்தூர வண்டிகளும் இருக்கின்றன. ஆகவே முன்பதிவு செய்த அன்று பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். கிளம்பும் நாள் காலையில் வரும் குறுஞ்செய்தியிலும் செயலியிலும் ஏறும் நிலையத்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

இன்னொன்று: 2019 முதல் சென்ட்ரலின் அதிகாரபூர்வப் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம். செயலியில் "எம்ஜிஆர் சென்னை" என்று தொடங்கும் பெயரைப் பார்த்து வேறு நிலையமோ என்று கலங்க வேண்டாம். குறியீடு இன்னும் அதே எம்.ஏ.எஸ்.தான்.

கேள்வி: ஆவடியிலிருந்து தாம்பரத்துக்கு தினமும் வேலைக்குப் போகப் போகிறேன். சென்ட்ரலில் இறங்கி பூங்கா நிலையத்தில் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டுமா? எவ்வளவு நேரம் பிடிக்கும்? (வாசகி, ஆவடி)

பதில்: மறுபடி எடுக்க வேண்டாம். ஆவடி கவுன்ட்டரிலேயே தாம்பரம் வரைக்கும் ஒரே டிக்கெட் கேளுங்கள். தினமும் போவதால் சீசன் டிக்கெட்தான் உங்களுக்குக் கட்டுபடியாகும். அதையும் தாம்பரம் வரைக்கும் ஒன்றாகவே எடுக்கலாம். ஆவடி–சென்ட்ரல் ஒன்று, பூங்கா–தாம்பரம் ஒன்று என்று இரண்டு துண்டாக எடுத்தால் காசும் கூட, வரிசையில் நிற்பதும் கூட. கையில் வாங்கியதும் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி நடை. உங்கள் லோக்கல் வந்து நிற்பது மூர் மார்க்கெட் வளாகத்தில். அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வண்டியின் தலைப்பக்கம்தான் வெளிவாசல். 12 பெட்டி வண்டி என்றால் கடைசிப் பெட்டியிலிருந்து வாசலுக்கே கால் கிலோமீட்டர். ஆவடியில் ஏறும்போதே சென்னைப் பக்கம் பார்த்த முதல் மூன்று பெட்டிகளில் ஏறிக்கொண்டால், இறங்கிய கூட்டம் நெருக்கும் முன் நீங்கள் வெளியே வந்துவிடலாம். தினசரிப் பயணிகள் முதல் பெட்டிக்கு அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

வாசலைத் தாண்டியதும் எதிரே பூந்தமல்லி நெடுஞ்சாலை, இன்றைய பெயரில் பெரியார் ஈ.வெ.ரா. சாலை. அதை மேலே கடக்க முயல வேண்டாம். பேருந்துகள் திரும்பும் வேகமும் ஆட்டோக்கள் குறுக்கே நுழைவதும் சேர்ந்து, அவசரத்தில் ஓடுகிறவர்களுக்கு அது ஆபத்தான இடம். மெட்ரோ நிலையத்தின் வாயில் வழியாகக் கீழே இறங்குங்கள். அங்கே டிக்கெட் தடுப்புக்கு இப்பாலுள்ள பெரிய கூடம் பொதுவழி. மெட்ரோ டிக்கெட் இல்லாமலே குறுக்கே நடக்கலாம். தலைக்கு மேலே தொங்கும் பலகையில் பூங்கா நிலையத்துக்கான அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே போய் எதிர்க்கரையில் ஏறுங்கள். நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் உண்டு. வேகமாக நடந்தால் வாசலிலிருந்து பூங்கா நடைமேடைக்கு 8 முதல் 10 நிமிடம். காலை நெரிசலில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடற்கரை திசை, தாம்பரம் திசை இரண்டுக்கும் வெவ்வேறு நடைமேடை. படியிறங்கும் முன்பே பலகையைப் பார்க்காமல், வந்து நிற்கும் வண்டியில் தாவினால் கோட்டை நிலையத்தில்தான் போய் இறங்குவீர்கள். கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன லோக்கலும் ஓடுகிறது. அதற்குத் தனிக் கட்டணம். உங்கள் சாதாரண சீசன் அதில் செல்லாது.

எங்கள் யோசனை ஒன்று. ஆவடிப் பக்கமிருந்து சென்ட்ரலுக்கு வராமல், ராயபுரம் வழியாக நேரே கடற்கரைக்குப் போகும் லோக்கல்களும் உண்டு. எண்ணிக்கை குறைவு. ஆனால் உங்கள் நேரத்துக்கு ஒன்று பொருந்தினால் அதைப் பிடியுங்கள். சாலையைக் கடக்கும் வேலையே இல்லை. தாம்பரம் வண்டிகள் கடற்கரையில்தான் புறப்படுகின்றன என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போது கடற்கரை வழி என்று சொல்லி எடுக்க வேண்டும்.

கேள்வி: பூங்கா, பூங்கா நகர், பார்க் டவுன்… மூன்றும் ஒன்றா? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: பூங்கா நிலையம் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில், கோட்டைக்கும் எழும்பூருக்கும் நடுவே இருப்பது. பூங்கா நகர் நிலையம் கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் தடத்தில், கோட்டைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே. இரண்டும் அருகருகே இருந்தாலும் நடைமேடைகள் வேறு, வாசல்கள் வேறு. மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி போகிறவர்களுக்குப் பூங்கா நகர். மாம்பலம், கிண்டி, தாம்பரம் போகிறவர்களுக்குப் பூங்கா.

பூங்கா நகரைத்தான் ஆங்கிலத்தில் பார்க் டவுன் என்பார்கள். அதே பெயரில் சென்ட்ரலுக்குக் கிழக்கே, கந்தகோட்டம் இருக்கும் வட்டாரமும் அழைக்கப்படுகிறது. கடை முகவரியில் "பார்க் டவுன்" என்று பார்த்துவிட்டு பறக்கும் ரயிலில் வந்து இறங்கித் தேடுபவர்கள் உண்டு. அவர்கள் சாலையைக் கடந்து வால்டாக்ஸ் சாலைக்கு அப்பால் போக வேண்டும்.

எந்தப் பூங்கா என்று கேட்டால், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் 1859 வாக்கில் ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் அமைந்த பீப்பிள்ஸ் பார்க். ஊரின் உயிரியல் பூங்காவும் அங்கேதான் இருந்தது. 1985-இல் அது வண்டலூருக்குப் போனது. நேரு விளையாட்டரங்கம் எழுந்த பிறகு பழைய பூங்காவில் மிச்சம் மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகள்தான். பெயர் மட்டும் இரண்டு நிலையங்களில் நிலைத்துவிட்டது.

பறக்கும் ரயில், நான்காவது பாதைப் பணிக்காக கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு 2024 அக்டோபர் இறுதியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. "அந்த வண்டி இப்போது இல்லை" என்று யாராவது சொன்னால் பழைய செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயதான அப்பா, அம்மாவை கோவையிலிருந்து அழைத்து வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்படித் திட்டமிடுவது? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது பெட்டி நிற்கும் இடம். சென்ட்ரல் ஒரு முட்டுமுனை நிலையம். பேசின் பாலம் பக்கமிருந்து உள்ளே வரும் வண்டி நேரே வந்து முட்டுக்கட்டைக்கு முன்னால் நின்றுவிடும். முக்கிய வெளிவாசல் அந்தப் பக்கம்தான். எல்.எச்.பி. எனப்படும் இன்றைய புதுவகைப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 23.5 மீட்டர் நீளம். 22 பெட்டி என்றால் 500 மீட்டருக்கு மேல். கடைசிப் பெட்டியில் இறங்கினால் அரை கிலோமீட்டர் நடந்த பிறகுதான் நிலையத்தின் கூடமே வரும்.

ஆகவே முன்பதிவின்போதே பெட்டி வரிசையைப் பாருங்கள். சென்னைக்கு வரும்போது எஞ்சினுக்கு அடுத்திருக்கும் பெட்டிகள்தான் வாசலுக்கு அருகில் நிற்கும். அதே வண்டி திரும்பிப் போகும்போது, எஞ்சின் மறுமுனையில் மாட்டப்பட்டு, வாசலை ஒட்டி நிற்பது வால்பக்கப் பெட்டிகள். வண்டிக்கு வண்டி வரிசை மாறும். ஊர்க்காரர்கள் சொல்வதை நம்பாமல் செயலியில் அன்றைய வரிசையைப் பார்ப்பதே சரி.

நடைமேடைகளில் முதியவர்களுக்கான பேட்டரி கார் ஓடுகிறது. வண்டி வரும் நேரத்தில் கூட்டமாக இருந்தால் முதல் நடையில் இடம் கிடைக்காது. இறங்கிய இடத்திலேயே அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் காத்திருங்கள். சக்கர நாற்காலிக்கும் கூலிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கூலி பேசுவதைத் தூக்கும் முன் பேசிவிடுங்கள்.

அழைக்கப் போகும் உறவினர் நடைமேடைச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். வண்டி தாமதம் என்றால் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு நேரத்தைத் தீர்த்துவிடாதீர்கள்.

நடைமேடை எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. 2-க்கும் 3-க்கும் நடுவே 2ஏ என்று ஒன்று. நீளம் குறைந்த நடைமேடை. பலகையில் 2ஏ என்று ஓடுவதை அரைகுறையாகப் பார்த்துவிட்டு 2-இல் போய் நிற்பவர்களை அடிக்கடி காணலாம்.

கேள்வி: விமான நிலையத்துக்கு மெட்ரோவில் போக நீலமா, பச்சையா? (வாசகி, அரக்கோணம்)

பதில்: நீலம். விம்கோ நகர் பணிமனையிலிருந்து வரும் நீலத் தடம் சென்ட்ரல், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, கிண்டி வழியாக அண்ணா சாலையை ஒட்டி நேரே விமான நிலையம் போகிறது. ஏறக்குறைய 40 நிமிடம். பச்சைத் தடம் சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று சுற்றி, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலை போகிறது. அதில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம்; ஆலந்தூரில் இறங்கித் தளம் மாறி நீலத்தைப் பிடிக்கலாம். நேரம்தான் கூடுதல்.

சென்ட்ரல் மெட்ரோவில் டிக்கெட் கூடத்துக்குக் கீழே இரண்டு தடங்களும் வெவ்வேறு தளத்தில் இருக்கின்றன. முதலில் கண்ணில் படும் நகரும் படிக்கட்டில் இறங்கிவிடாமல், நிறத்தையும் கடைசி நிலையத்தின் பெயரையும் பார்த்து இறங்குங்கள். நீலத்திலும் இரண்டு திசை உண்டு. "விமான நிலையம்" என்று எழுதிய பக்கம் நில்லுங்கள்.

கைப்பேசியில் கியூஆர் டிக்கெட் எடுத்தாலோ சிங்கார சென்னை பயண அட்டையைப் பயன்படுத்தினாலோ கட்டணத்தில் 20 சதவீதம் குறையும். கவுன்ட்டரில் காசு கொடுத்தால் குறையாது. பெட்டிகளை ஸ்கேனரில் போட்டு எடுக்க 5 நிமிடம் ஒதுக்குங்கள். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வாக்கில் முடிந்துவிடும். அதிகாலை 4 மணிக்கு வந்திறங்கி மெட்ரோவுக்குக் காத்திருந்தால் விமானம் போய்விடும்.

கேள்வி: சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் அடுத்த வண்டி. ஒரு மணி நேர இடைவெளி போதுமா? (வாசகர், பாலக்காடு)

பதில்: தூரம் சுமார் 2 கிலோமீட்டர்தான். பச்சை மெட்ரோவில் ஒரே நிலையம். புறநகரில் பூங்காவிலிருந்து அடுத்த நிலையமே எழும்பூர். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பெட்டியோடு போகிறவர்களுக்கு மெட்ரோவே உத்தமம், மின்தூக்கி இருப்பதால்.

வண்டி நேரத்துக்கு வந்தால் ஒரு மணி நேரம் தாராளம். ஆனால் சென்ட்ரலுக்குள் நுழையும் முன் பேசின் பாலம் அருகே, நடைமேடை காலியாகும் வரை வண்டியை நிறுத்தி வைப்பது சகஜம். கட்டடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருபது நிமிடம் நிற்க நேரலாம். நெடுந்தூர இணைப்பு என்றால் இரண்டு, இரண்டரை மணி நேரம் விட்டுப் பதிவு செய்யுங்கள். மாலை 5 முதல் 8 மணி வரை ஆட்டோவில் போவதை யோசிக்கவே வேண்டாம். அந்த 2 கிலோமீட்டர் சாலையில் நடப்பவர் ஆட்டோவை முந்திவிடுவார்.

கேள்வி: காலை 7 மணிக்கு சென்ட்ரல் வருகிறோம். மாலை 3 மணிக்குத்தான் அடுத்த வண்டி. குழந்தைகளோடு எதைப் பார்க்கலாம்? சாமான்களை எங்கே வைப்பது? (வாசகி, சேலம்)

பதில்: சாமான்களுக்கு நிலையத்திலேயே பொருள் வைப்பறை இருக்கிறது. பயண டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பூட்டில்லாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஜிப்பின் இரண்டு கொக்கிகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஒரு சிறு பூட்டை வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுங்கள். கட்டைப் பையையும் சாப்பாட்டுக் கூடையையும் வைக்க முடியாது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாத்திரங்களைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள். ரசீதைத் தொலைத்தால் மீட்பது பெரும்பாடு. வாங்கியதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்துத் தயாரான பின், முதலில் நிலையத்தையே பாருங்கள். 1873-இல் திறக்கப்பட்டது; முதல் வடிவம் ஜார்ஜ் ஹார்டிங்குடையது, பின்னர் ராபர்ட் சிஷோம் மாற்றங்கள் செய்தார். அதற்கு முன் ஊரின் ரயில் நிலையம் ராயபுரம்; தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது. சென்ட்ரலின் முகப்பை அதன் வாசலில் நின்று பார்க்க முடியாது, கழுத்துதான் வலிக்கும். எதிர்ப்புறம், பூங்கா நிலையத்துப் பக்க நடைபாதைக்குப் போய் நில்லுங்கள். சிவப்பு மணிக்கூண்டும், இடப்புறம் விக்டோரியா பொது மன்றத்தின் செங்கல் கோபுரமும், அதை அடுத்து வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகையும் ஒரே பார்வையில் விழும். காலை வெயில் சாய்வாக விழும்போது செங்கல்லின் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாகத் தெரியும். மதியம் போனால் அந்த அழகு கிடைக்காது.

ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்ட மாநகராட்சி அலுவலகம். வரைந்தவர் ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார். அலுவலகம் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. விக்டோரியா மன்றமும் சிஷோம் கைவண்ணம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. 1897-இல் விவேகானந்தர் பேசியதும் இங்கேதான். குழந்தைகளிடம் இவற்றைச் சொல்லிக்கொண்டே நடந்தால் அரை மணி நேரம் தெரியாமல் போகும்.

ஒன்பது மணிக்கு மேல் பூங்காவிலிருந்து எழும்பூருக்கு லோக்கல் பிடித்து, காந்தி இர்வின் சாலை வாசல் வழியாக வெளியே வந்தால், பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் பத்துப் பதினைந்து நிமிட நடை. காலை 9.30 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை; உங்கள் பயணம் வெள்ளியில் விழுந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். 1851-இல் தொடங்கிய இந்த வளாகம் பெரியது. குழந்தைகளோடு எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. செப்புத் திருமேனிகள் கூடம், அமராவதிச் சிற்பங்கள், அப்புறம் குழந்தைகளுக்காக விலங்கியல் பகுதி. அவ்வளவு போதும்.

செப்புத் திருமேனிகளில் திருவாலங்காட்டு நடராசரைத் தேடிப் பிடித்து, அவர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தூக்கிய காலின் எடை முழுவதையும் ஊன்றிய கால் தாங்குவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். அந்தத் திருவாலங்காடு எங்கேயோ இல்லை. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் அரக்கோணம் லோக்கலில், திருவள்ளூரைத் தாண்டினால் வரும் நிலையம்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமுள்ள புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1821-ஆம் ஆண்டுக் கட்டடம். மண் இளகலாக இருந்ததால் சுட்ட மண் உறைகளைக் கிணறுகளாக இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார் பொறியாளர் டி ஹாவிலண்ட். உள்ளே வட்டக் கூரை நீல நிறம். அண்ணாந்து பார்த்த பிள்ளைகள் லேசில் வெளியே வர மாட்டார்கள். ஒன்றரை மணிக்குள் சென்ட்ரல் திரும்பிவிடுங்கள். சாமான்களை மீட்கும் வரிசைக்கு அரை மணி நேரம் வேண்டும்.

கேள்வி: மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் இன்னும் கிடைக்குமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் நினைக்கும் மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்து போனது. இன்று அந்தப் பெயரில் நிற்பது புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு அலுவலகமும் உள்ள ரயில்வே கட்டடம். கடைக்காரர்களுக்கு அப்போது பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். புத்தகத்துக்காகவே தஞ்சையிலிருந்து புறப்பட வேண்டாம்.

கேள்வி: சௌகார்பேட்டைக்கு சென்ட்ரலிலிருந்து நடந்து போகலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: தாராளமாக. சென்ட்ரலின் கிழக்கு ஓரத்தில் ஓடுவது வால்டாக்ஸ் சாலை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பிறகு கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தைச் சுற்றிக் கட்டிய மதிலுக்கு மக்களிடம் வரி கேட்க நினைத்ததன் நினைவு அந்தப் பெயர். வடக்கே யானைக்கவுனி என்பதும் அந்த மதிலின் வாசல்தான். கவுனி என்றாலே கோட்டை வாசல்.

வால்டாக்ஸ் சாலையைக் கடந்து கிழக்கே நடந்தால் தங்கசாலைத் தெரு வரும். முன்பு நாணயச் சாலை இருந்த தெரு. அங்கிருந்து சந்துகளில் பாத்திரம், ஜரிகை, வளையல், காகிதம் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு தெரு. கந்தகோட்டம் முருகன் கோயிலும் நடை தூரமே. வள்ளலார் இளமையில் பாடிய சந்நிதி. கோயிலுக்குப் போகிறவர்கள் நடை சாத்தும் முன் முற்பகலிலேயே போய்விட வேண்டும்.

மொத்தக் கடைகளில் காலை 11 மணிக்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் மீன்பாடி வண்டிகள் (மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள்) சரக்கு இறக்கும். சந்தில் இருவர் எதிரெதிரே நடக்க இடமிருக்காது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை போனால் கடைக்காரரும் பேசுவார், நீங்களும் நிதானமாகப் பார்க்கலாம். பெட்டியோடு போகாதீர்கள். வாங்குவதாக இருந்தால் குறைந்தபட்சம் எத்தனை உருப்படி என்று முதலில் கேளுங்கள். மொத்தக் கடையில் ஒன்று மட்டும் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். திரும்பும்போது சுமை கூடியிருந்தால் சென்ட்ரல் வரை நடக்காமல் மண்ணடி அல்லது உயர் நீதிமன்றம் மெட்ரோவில் ஏறிவிடலாம்.

கேள்வி: கைப்பேசியில் லோக்கல் டிக்கெட் எடுக்கப் பார்த்தால் நிலையத்துக்குள் முடியவில்லை என்று வருகிறது. ஏன்? (வாசகர், கும்மிடிப்பூண்டி)

பதில்: டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டு, பரிசோதகரைக் கண்டதும் கைப்பேசியில் எடுப்பவர்களைத் தடுக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. தண்டவாளத்தை ஒட்டி நீங்கள் நின்றால் செயலி மறுத்துவிடும். வீட்டிலோ நிலையத்துக்கு வெளியே சாலையிலோ நின்று எடுங்கள். உள்ளே வந்துவிட்டீர்கள் என்றால் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து எடுக்கும் வழி உண்டு. இல்லையேல் தானியங்கி இயந்திரம். சென்ட்ரலில் மெட்ரோ கூடத்துக்குள் இறங்கிவிட்ட பிறகு சிக்னல் மங்கும். மேலே இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.

லோக்கல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, "பெரம்பூர்தானே" என்று சென்ட்ரலில் எக்ஸ்பிரஸில் ஏறுவதைத் தவிருங்கள். பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், கட்டணம் தனி.

கேள்வி: அரசு பொது மருத்துவமனைக்கு அப்பாவைக் கூட்டி வர வேண்டும். எந்த நிலையம் அருகில்? (வாசகி, பொன்னேரி)

பதில்: பொன்னேரியிலிருந்து லோக்கலில் மூர் மார்க்கெட் வளாகம் வந்து, மேலே சொன்ன மெட்ரோ கூடத்தின் வழியாகவே எதிர்ப்புறம் ஏறினால் மருத்துவமனை. நடக்க முடியாதவர் என்றால் மின்தூக்கி உள்ள வாயிலைக் கேட்டுப் போங்கள்; எல்லா வாயிலிலும் தேடி அலைய வேண்டாம்.

வரும் முன் மருத்துவர் எழுதித் தந்த சீட்டை மறுபடி பாருங்கள். "எழும்பூர்" என்று இருந்தால் குழந்தைகள் மருத்துவமனையாகவோ மகப்பேறு மருத்துவமனையாகவோ கண் மருத்துவமனையாகவோ இருக்கலாம்; அவற்றுக்கு எழும்பூரில் இறங்க வேண்டும். "கே.எம்.சி." என்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; பச்சை மெட்ரோவில் கீழ்ப்பாக்கம் என்றே நிலையம் உண்டு. "ஜி.எச்." என்று மட்டும் எழுதியிருந்தால்தான் சென்ட்ரல் எதிரே உள்ளது. நோயாளியோடு ஓர் இடத்துக்குப் போய், இது இல்லை என்று திரும்புவது மிகுந்த வேதனை. சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன் சீட்டு எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்ட்ரலிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையம் போக எளிய வழி? (வாசகர், நெல்லூர்)

பதில்: பூங்கா நிலையத்தில் செங்கல்பட்டு அல்லது கூடுவாஞ்சேரி போகும் லோக்கலில் ஏறி வண்டலூரில் இறங்குங்கள். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் சிறிது தூரம். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளே அதிகம். அதில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி மாநகரப் பேருந்து பிடிக்கலாம். பூங்காவிலிருந்து எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோயம்பேட்டிலிருந்து புறப்படும் பேருந்து என்றால் பச்சை மெட்ரோவில் "கோயம்பேடு" என்ற நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். அதற்கு அடுத்தது, "புறநகர் பேருந்து நிலையம்" என்று இருப்பதுதான் பேருந்து நிலைய வாசலில் கொண்டுபோய் விடும்.